ஜட்ஜ் ஒண்ணும் செய்யமாட்டார்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சண்முகவடிவு என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, தினமும் நாற்பத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும், நடந்ததை எழுதி வைத்து மாதா மாதம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சிமெண்டுக் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதில் தொடங்குகிறேன்.

பெயர்: ஆ. தேவஇரக்கம். வயது 51. வேலை: உடற்கல்வி ஆசிரியர். ஒரு பி.டி. வாத்தியாருக்கு நடக்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவது என்ன நியாயமோ. இருபத்தைந்து வருடமாக நான் அறுநூறு பையன்களை ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஓடும்போது நான் நிற்பேன் என்பது உண்மைதான்.

நடை: நாளை முதல்.

ஜூன் 10, செவ்வாய்

நடை: 2 நிமிடம்.

பாளையங்கோட்டையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முட்டுச்சந்து. மொத்தம் மூன்றே வீடு, எங்களுடையது கடைசி. பின்னால் அரிசி ஆலையின் சுவர். மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுவீட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

நடுவீட்டில் உச்சிமாகாளி என்பவர் தனியாக இருக்கிறார். கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் கோர்ட் வாசலில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை. அவரிடம் ஒரு நாய் இருக்கிறது. சாம்பல் நிறம், என் இடுப்பு உயரம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். பெயர் ஜட்ஜ். கட்டிப் போடுவதில்லை. கேட்டில் கொண்டியும் இல்லை என்பதால் அது பெரும்பாலும் தெருவில்தான் இருக்கும்.

இன்று அது குரைத்தபடி நேராக வந்தது. நான் அசையாமல் நின்றேன். நாய் வந்தால் அசையாமல் நிற்பதுதான் முறை. முதலுதவி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உச்சிமாகாளி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, "பயப்படாதிய சார். ஜட்ஜ் ஒண்ணும் செய்யமாட்டாரு. விசாரிச்சிட்டு விட்டுருவாரு" என்றார்.

விசாரணை நீண்டுகொண்டே போனது. முதல் நாளே அதிகம் நடக்கக் கூடாது என்பதால் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

நடை: 0. மழை வரும்போல் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

நடை: 0. மழை வரவில்லை.

ஜூன் 14, சனி

பள்ளிக்குப் பைக்கில் போவதிலும் பிரச்சினை. அது பைக்கைத் துரத்துகிறது, குறிப்பாக அதில் இருக்கும் என் காலை. இரண்டு காலையும் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினால் ஆபத்தில்லை என்று கண்டுபிடித்தேன். ஆனால் அந்த நிலையில் பிரேக் பிடிக்க முடியாது என்பதை மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன். இளநீர் வண்டிக்காரர் நல்ல மனிதர். ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி வயலட் மாவட்ட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு அதே தெருவில் நடந்து போகிறாள். நாய் குரைக்கும். "சரி, போ" என்பாள். அது போய்விடும். பெண்களிடம் அது வேறுவிதமாக நடந்துகொள்கிறது போலிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நடை: 50 நிமிடம்.

வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். பின்சுவர் ஆறடிதான். வாளியைக் கவிழ்த்து ஏறினால் அரிசி ஆலைக் களத்தில் குதிக்கலாம். களத்தைக் கடந்தால் ரோடு. ஏறுவதும் குதிப்பதும் நடையைவிட நல்ல உடற்பயிற்சி. நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "கால நல்லா தூக்கிப் போடுங்க சார்" என்று ஒருத்தி சொன்னாள்.

வயலட்டிடம் அது குறுக்குவழி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பின்சுவர் ஓரம் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. வயலட்டிடம் கேட்டேன். "செடிக்குத் தண்ணி ஊத்த" என்றாள். அங்கே செடி எதுவும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

நடை: 0. சுவரிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. ஆலைக்காரர் வந்து, இது நடைபாதை இல்லை சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாநகராட்சிக்குப் போன் செய்தேன். "ஓனர் இருக்காரா சார்?" என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். "அப்ப அது தெருநாய் இல்ல. அவர்ட்டயே பேசிக்கோங்க" என்றார்கள். பேசினேன். என் கேட்டுக்குள் நின்றபடி, அவர் ஜன்னலுக்குள் நின்றபடி.

"அவரைக் கட்டிப் போட்டா என்ன?"

"கட்டுனா அவருக்குக் கோவம் வந்துரும் சார். அவுத்து விட்டாத்தான் சாதுவா இருப்பாரு."

ஜட்ஜ் எங்கள் இருவருக்கும் நடுவே ரோட்டில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 25, புதன்

டாக்டர் அடுத்த வாரம் டைரியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இதைக் காட்ட முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் 45, 50, 45 என்று எழுதிவிட்டேன். ஒருநாள் 30 போட்டேன். எல்லாம் ஒரேமாதிரி இருந்தால் சந்தேகம் வரும்.

ஜூன் 27, வெள்ளி

நடை: 45 நிமிடம். உண்மையாகவே.

சாகுல் பாய் கறிக்கடையில் கழிவு எலும்பு கேட்டு வாங்கி, மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன். காலையில் கேட்டைத் திறந்ததும் ஒரு எலும்பை எடுத்து ஆலைச் சுவர்ப் பக்கம் வீசினேன். ஜட்ஜ் அந்தப் பக்கம் ஓடியது. நான் இந்தப் பக்கம். இவ்வளவு எளிதான வழி இத்தனை நாள் தோன்றவில்லையே. வயலட்டிடம் சொல்லவில்லை. சின்ன விஷயம்.

ஜூலை 1, செவ்வாய்

ஐந்து நாளாகத் தவறாமல் நடை. டாக்டர் பொய் நோட்டைப் பார்த்துவிட்டு, "நடந்தும் குறையலியே" என்று மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

ஜட்ஜ் இப்போது காலை ஆறு மணிக்கே என் கேட்டருகில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்னைப் பார்ப்பதில்லை. பையைப் பார்க்கிறது.

ஜூலை 5, சனி

இதை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் வயலட் தன்னுடன் வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுக்க மாம்பழம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சமையலறையில் தொங்கிய மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்பாள். ஜட்ஜ் பாய்ந்து பையைப் பிடித்தது. அவள் விடாமல் இழுத்தாள். பல் முன்கையில் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினேன். கேட் வரைக்கும் ஓடினேன். அதற்குள் அவளே கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டைத் திறந்து வைக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். பிறகு ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. டாக்டர் இளைஞர், பொறுமையானவர். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றார். தெரியாது என்றோம்.

"ஊசி கண்டிப்பா போடணும். கூடவே நாயையும் பத்து நாள் பாத்துக்கிடுங்க. நல்லா சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, நடையுடையில ஏதாவது மாற்றம் இருக்கான்னு. பத்து நாள் நல்லா இருந்துச்சின்னா கவலையே இல்ல."

"யார் பாக்கணும்?" என்றேன்.

"நீங்கதான் சார். பக்கத்து வீட்டு நாய்னு சொன்னியளே."

ஊசி போடும் அறையில் காற்றோட்டம் இல்லை. அதனால் சற்று உட்கார்ந்தேன். தரையில். வயலட்டுக்குப் போடப் போன நர்ஸ் அதை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் தெளித்தார். வயலட் நல்ல கையால் எனக்கு விசிறினாள்.

பையைக் கண்டு நாய் ஏன் பாய்ந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆட்டோவில் இரண்டு முறை கேட்டாள். நாயின் குணத்தை யார் கண்டார் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு. முதல் நாள்

வயலட்டைக் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று படுக்க வைத்துவிட்டு உச்சிமாகாளி வீட்டுக்குப் போனேன். கோபத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். வராண்டாவில் ஜட்ஜ் படுத்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அது தலையைத் தூக்கியது. அப்படியே நின்றேன்.

"உச்சிமாகாளி, வெளியே வாரும்" என்றேன். ஜன்னலில் முகம் தெரிந்தது.

"கேள்விப்பட்டேன் சார். டீச்சரம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" வயலட் டீச்சர் இல்லை. அதைத் திருத்தும் நிலையில் நான் இல்லை.

"கதவத் தொறந்து வெளியே வந்து பேசும் ஓய்."

"வர முடியாது சார்."

"ஏன்?"

கோர்ட்டையே அதிர வைத்த அந்தக் குரல் இறங்கி இறங்கி ஒரு பூனைக்குட்டியின் குரலாகிவிட்டது. "அவரு வராண்டாவுல இருக்காருல்லா."

பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நாய் அவருடையது அல்ல. அவர் மகன் குட்டியாக வாங்கி வளர்த்தது. ஜனவரியில் மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அப்பா பார்த்துக்கொள்வார் என்று சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் கட்டப் போனபோது அது ஒருமுறை உறுமியது. அதோடு சரி. சோற்றை ஜன்னல் வழியாகப் போடுகிறார். அது தூங்கும்போது கடைக்குப் போய் வருகிறார். ஆறு மாதமாகத் தன் வராண்டாவில் உட்கார்ந்து பேப்பர் படித்ததில்லை.

"அப்ப ஒண்ணும் செய்யமாட்டாருன்னு எங்கிட்ட தெனமும் சொன்னது?"

"எனக்கும் சேத்துத்தான் சார் சொல்லிக்கிட்டேன்."

தடுப்பூசி? பிடிக்கவே ஆள் இல்லாதபோது ஊசி எங்கே போடுவது.

எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் கவனித்தேன். ஜட்ஜ் என்னைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

எட்டு வயதில் எனக்கு நாய் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினம் ஒன்று. அப்பா தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரம் கண்ணுக்குத் தெரிந்ததும் நான் கத்தத் தொடங்குவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நடைக் குறிப்பில் எழுத வேண்டிய விஷயமும் இல்லை.

ஜூலை 7, திங்கள். இரண்டாம் நாள்

காலை 6.10: நாய் உயிரோடு இருக்கிறது. சோறு தின்றது.
மாலை 5.00: உயிரோடு இருக்கிறது. தண்ணீர் குடிக்கவில்லை.
5.40: குடிக்கவில்லை.
6.25: குடித்தது.

ஜூலை 8, செவ்வாய். மூன்றாம் நாள்

வயலட்டுக்கு இரண்டாவது ஊசி. நான் வெளியே நின்றேன். ஆட்டோவுக்குக் காவல்.

ஜூலை 9, புதன். நான்காம் நாள்

காலையில் கேட்டைத் திறந்து வெளியே வந்தேன். ஜட்ஜ் பார்த்தது. குரைக்கவில்லை.

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. நடையுடையில் மாற்றம் என்று டாக்டர் சொன்னது இதுதானே? ஒரு மாதமாக என்னைக் கண்டாலே குரைக்கும் நாய், இன்று ஏன் குரைக்கவில்லை? பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில் போனேன். "குரை" என்றேன். வாலை ஒருமுறை ஆட்டியது. வால் ஆட்டுவது நோயின் அறிகுறியா என்று தெரியவில்லை. பள்ளியில் செய்வதுபோலக் காலைத் தரையில் ஓங்கி உதைத்தேன். கையைத் தூக்கினேன். முகத்தைக் கொடூரமாக வைத்துப் பார்த்தேன்.

ஜன்னலிலிருந்து உச்சிமாகாளி, "என்ன சார் பண்ணுதிய?" என்றார்.

"இது குரைக்க மாட்டேங்குது வே."

அவர் முகமும் வெளுத்துவிட்டது. அவரும் ஜன்னல் கம்பியில் தட்டினார். இரண்டு பேரும் கால் மணி நேரம் மன்றாடினோம். கடைசியில் தெருமுனையில் தபால்காரர் சைக்கிள் திரும்பியது. ஜட்ஜ் எழுந்து தெருவே கிடுகிடுக்கக் குரைத்துக்கொண்டு அவரைத் துரத்திக்கொண்டு ஓடியது.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தபால்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 11, வெள்ளி. ஆறாம் நாள்

இன்று அதன் வராண்டாவிலேயே உட்கார்ந்து பார்த்தேன். தூரத்திலிருந்து தண்ணீர் குடிப்பது சரியாகத் தெரிவதில்லை. உச்சிமாகாளி ஜன்னல் வழியாக டீ கொடுத்தார். மகன் போன் செய்யும்போதெல்லாம் நாயைப் பற்றித்தான் முதலில் கேட்பானாம். அப்புறம்தான், நீங்க எப்படி இருக்கிய என்பானாம். ஜட்ஜ் சௌக்கியம் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 12, சனி. ஏழாம் நாள்

மூன்றாவது ஊசி. நாய் நலம். வயலட் நலம். என் பொய் நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை 14, திங்கள். ஒன்பதாம் நாள்

நாயைக் காணவில்லை.

காலையில் இல்லை. ஊருக்குள் எங்கேயாவது போயிருக்கும் என்று பள்ளிக்குப் போனேன். மத்தியானம் உச்சிமாகாளி போன் செய்தார். இன்னும் வரவில்லை. தலைமை ஆசிரியரிடம், வீட்டில் ஒரு ஆளைக் காணவில்லை என்று சொல்லி அரைநாள் லீவு எடுத்தேன். யாரை என்று கேட்டார். ஜட்ஜை என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். விளக்க நேரமில்லை.

ஜட்ஜ் காணாமல் போக வேண்டும் என்று ஒரு மாதம் ஜெபித்தவன் நான். இப்போது பைக்கில் பின்னால் உச்சிமாகாளியை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகத் தேடினேன். ஒவ்வொரு முனையிலும் இறங்கி, அந்தக் காலத்தில் வாதி பிரதிவாதியைக் கூப்பிட்டதுபோல மூன்று தடவை நீட்டிக் கூப்பிட்டார்: "ஜட்ஜ்... ஜட்ஜ்... ஜட்ஜ்..." கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டு வக்கீல்கள் எட்டிப் பார்த்தார்கள். "உச்சிமாகாளி, ரிட்டயர் ஆயிட்டீருல்லா?" என்றார் ஒருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் எங்கேயோ புதரில் நோயோடு கிடக்கிறது என்றே தோன்றிக்கொண்டிருந்தது. வயலட் காலையில் தோசை வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்தாளா என்று யோசித்தேன். நூலகத்துக்குப் போன் செய்து, "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டேன். "இப்பத்தான் டீ குடிச்சேன், ஏன் அழுதிய?" என்றாள். காற்று என்றேன்.

நாலு மணிக்கு சாகுல் பாய் கடையைத் தாண்டும்போது உச்சிமாகாளி என் முதுகில் குத்தினார். கடை வாசலில், கறி வெட்டும் கட்டைக்கு நேரே, ஜட்ஜ் சாட்சி சொல்ல வந்தவன்போல உட்கார்ந்திருந்தது.

"வாங்க சார்" என்றார் பாய். "காலைலேர்ந்து நகர மாட்டேங்குது. எவனோ ஓசி எலும்பு குடுத்துப் பழக்கி விட்டிருக்கான்."

நான் பைக்கை ஓரமாக நிறுத்தினேன்.

சங்கிலி இல்லை. கயிறு இல்லை. "நீங்க பிடிங்க சார், உங்க மேலதான் அவருக்கு மதிப்பு" என்று உச்சிமாகாளி நாலடி தள்ளி நின்றுகொண்டார். என் பெல்ட்டைக் கழற்றினேன். கிட்டே போய்க் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். கையில் முதலில் பட்டது அதன் கழுத்து. சூடாக இருந்தது. உள்ளே இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அதனுடையதா என்னுடையதா தெரியவில்லை. பெல்ட்டை மாட்டினேன். அது என் கையை முகர்ந்துவிட்டு எழுந்து நடந்தது.

பைக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரு கையில் ஜட்ஜ், ஒரு கையில் என் பேண்ட். பள்ளி விடும் நேரம் வேறு. எதிரே வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கை இல்லை.

ஜூலை 15, செவ்வாய். பத்தாம் நாள்

நாய் நன்றாக இருக்கிறது. தின்றது, குடித்தது, குரைத்தது. ஆஸ்பத்திரி டாக்டர் இனிக் கவலை இல்லை என்றார்.

வயலட்டிடம் எலும்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மஞ்சப்பை, சாகுல் பாய், எல்லாவற்றையும். கேட் வரைக்கும் ஓடி வந்து அங்கேயே நின்றதையும். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "பத்து நாளா இத மனசுல வச்சிக்கிட்டுத்தான் எனக்கு ஹார்லிக்ஸ் கலக்கிக் குடுத்தியளா?" என்றாள்.

அப்புறம் பேசவில்லை.

ஜூலை 16, புதன்

பேசவில்லை.

ஜூலை 17, வியாழன்

"உப்பு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

ஜட்ஜுக்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். புதுச் சங்கிலி நான் வாங்கியது. கேட்டுக்குக் கொண்டி உச்சிமாகாளி போட்டது. கிளம்பும்போது வயலட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மேஜை மேல் ஏற்றியதும் டாக்டர், "ஒருத்தர் தலையைக் கெட்டியாப் பிடிங்க" என்றார். உச்சிமாகாளிக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது. மணி அடித்த மாதிரி தெரியவில்லை. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் பிடித்தேன். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாயும் சேர்ந்து திருப்பிக்கொண்டது.

"பயப்படாமப் பிடிங்க சார்" என்றார் டாக்டர்.

"பயமாத்தான் இருக்கு" என்றேன். வாய்விட்டு, வயலட் முன்னால். "எட்டு வயசுலேர்ந்து இருக்கு. பதினாலு ஊசி."

ஊசி போட்டு முடிந்தது. ஜட்ஜ் ஒன்றும் செய்யவில்லை.

வெளியே வந்ததும் உச்சிமாகாளி சங்கிலியின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார். பிறகு முழுக் கையால் பிடித்தார். ஜட்ஜ் அவரை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. நானும் வயலட்டும் பின்னால் நடந்தோம்.

"பதினாலு ஊசின்னு உங்க அம்மா எங்கிட்ட நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாவ" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். "இருபத்து நாலு வருசமா ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்." கைக்கட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரோட்டுல போகும்போது நான் எந்தப் பக்கம் நடக்கேன்னு ஒருநாளாவது பாத்திருக்கியளா?"

யோசித்துப் பார்த்தேன். திருச்செந்தூரில், மதுரையில், மகளைக் காலேஜில் சேர்க்கப் போன ஊரில், எங்கே போனாலும் இவள் நடக்கும்போது பக்கம் மாறிக்கொண்டே இருப்பாள். இவளுக்கு நேராக நடக்கத் தெரியாது என்று பி.டி. வாத்தியாராக நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன்.

முனையில் டீக்கடைக்கு எதிரே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. வயலட் நாய்கள் இருந்த பக்கமாக மாறினாள். கட்டுப்போட்ட கை அந்தப் பக்கம் இருந்தது. நான் அவள் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் விட்டுவிட்டு, அங்கே போய் நடந்தேன்.

"வேண்டாம், விடுங்க" என்றாள்.

"சும்மா வா" என்றேன்.

நாய்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.